இரண்டு பக்க வசனம்

அன்பு மகளுக்கு,

இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் சுகம். அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கினால் எனக்கு அதுவே போதும். நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசி வரிக்குத் தாவிவிடுவாய். அப்பா உன் படத்தைப் பார்த்துவிட்டார். பதினோரு மாதமாக என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது.

அவர் நாடகத்தை நீ படமாக எடுப்பதில் அவருக்குப் பெருமைதான், கடைசிக் காட்சியில், சொல்லாமல் வீட்டை விட்டுப் போன மகளைத் தையல்காரர் மன்னித்துப் பேசும் அந்த இரண்டு பக்க வசனத்தை நீ வெட்டிவிட்டாய் என்று தெரிந்ததும்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். உன் போன் வந்தால் மாடிக்குப் போய்விடுவார், உன் பேச்சை எடுத்தால் அன்று முழுக்க என்னோடும் பேச்சு கிடையாது. போன சனிக்கிழமை தம்பி பல் டாக்டரிடம் போகலாம் என்று பொய் சொல்லி எங்களை மதியக் காட்சிக்கு அழைத்துப் போனான். தியேட்டர் வாசலில் அவனை ஒரு முறை முறைத்தார், ஆனாலும் வாங்கின டிக்கெட் வீணாகக் கூடாதே என்று உள்ளே வந்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் குறை சொன்னார். நாடகம் முழுக்க ஒரே அறையில் நடந்ததே, இதில் தெரு, பஸ் எல்லாம் எதற்கு என்றார். மழை வந்ததும், ஒரு தகரத்தை ஆட்டியே நாங்கள் மழை பெய்ய வைத்தோம், இவளுக்கு இவ்வளவு தண்ணீர் தேவைப்பட்டதா என்றார். நானும் சும்மா இருக்கவில்லை, இருபது வருஷம் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்த வாயாயிற்றே, நடிகர்கள் பேசுவதற்கு முன்னாலேயே வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், முன் சீட்டுப் பெண்மணி இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள். கடைசிக் காட்சி வந்தது. மகள் வாசலில் நிற்கிறாள், தையல்காரர் எழுந்து வருகிறார், நான் வழக்கம்போல் முதல் வரியைத் தொடங்கிவிட்டேன். தையல்காரரோ வாயே திறக்காமல் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவள் தோளை அளக்கிறார், எவ்வளவு இளைத்துவிட்டாள் என்பது அவர் முகத்தில் தெரிகிறது, அவ்வளவுதான். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார், பேசாதே என்று. விளக்குப் போட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார், "கடைசி வரிசையில இருக்கறவங்களுக்கு முகம் தெரியாதேன்னுதான் அத்தனை வசனம் எழுதினேன். இதுல முகம் தெரியுதே. அவ வெட்டினது சரிதான்." எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷ அழுகைதான், பயப்படாதே. ஆனால் மேடையில் அந்த வசனம் அப்படியே இருக்கும், ஒரு வார்த்தை குறையாது என்று உனக்கு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதம் கிடைப்பதற்கும் உன் பிறந்தநாள் வருவதற்கும் சரியாக இருக்கும். அன்று அவரே உனக்குப் போன் செய்யப்போகிறார். தம்பி வீடியோவில் போட்டுத் தருகிறேன் என்றான், அந்த வித்தையெல்லாம் தனக்கு ஒத்துவராது என்றுவிட்டார். சாதாரணப் போனில் முகம் தெரியாதே, வாயைத் திறந்துதான் சொல்லியாக வேண்டும், அதனால் நேற்றிலிருந்து குளியலறையில் ஒத்திகை நடக்கிறது, கேட்டால் தொண்டை கரகரப்பு என்கிறார். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. அவர் ரொம்பவே இழுப்பார், உனக்கும் மனசு தாங்காது, அதற்காகப் பரவாயில்லைப்பா என்று நடுவில் புகுந்து முடித்துவிடாதே. எத்தனை பக்கம் ஆனாலும் முழுசாகக் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா