புறாக்களைக் கொடுத்துவிட்டான்

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை இரவு.

தினேஷ் தன் புறாக்களையெல்லாம் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். இரண்டாம் முறை நீட் எழுதப்போகிறவன், இனியாவது படிப்பில் கவனம் வைக்கிறான் என்று காலையில் சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் எதிர்வீட்டுச் செல்வி வந்து கேட்டாள்.

"அண்ணே, குடும்பத்தோட வெளியூர் எதுவும் போறீகளா? இனிமே நான் இருக்க மாட்டேன், நீங்களே வளத்துக்கங்கக்கான்னு ஒங்க மகன் சொல்லிட்டுப் போறான்."

மாடிக்கு ஓடினேன். காலிக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்துப் பல மாதம் ஆயிற்று. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது.

பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். "செத்துப்போகணும்னு நெனைக்கிறியாடா?"

இல்லை என்று சொல்லிவிடுவான் என்றுதான் நம்பினேன். அவன் குழாயை மூடினான். "திட்டுவீங்களாப்பா?" என்றான்.

"திட்ட மாட்டேன்யா. பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ இருந்தாப் போதும்."

கட்டிக்கொண்டேன். அவன் அழவில்லை. உடம்பு விறைத்தே இருந்தது.

விடிந்ததும் வாடிப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் மதுரைக்கு, மனநல டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். இப்போது எனக்கும் அவன் அம்மாவுக்கும் நடுவில் படுத்திருக்கிறான். கண்ணை மூடியிருக்கிறான். ஆனால் தூங்கவில்லை.