உறுமன் வீட்டுக் கிணறு

தோட்டத்துக் குழந்தைகளையெல்லாம் ஒரே மடியில் வைத்திருந்த என் அக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. மழை விட்டுவிட்டது. மலை யாத்திரைக்காரர்களின் நல்லதண்ணி பஸ்கள் கூட்டம் தொங்கத் தொங்கப் போக ஆரம்பித்துவிட்டன. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை இப்போது பிள்ளைக்காம்பராவில் உன் இடத்துக்கு வந்த புது ஆயம்மாவிடம் விட்டுப் போகிறார்கள். சின்னதுகள் ஒரு வாரம் அழுதன, பிறகு பழகிவிட்டன. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

உன் கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். "ஒரு நாளாச்சும் மொகஞ் சுளிச்சிருக்குமா அந்தப் புள்ள?" என்று மேட்டு லய வீட்டுப் பெரியம்மா அழுதார். நானும் தலையை ஆட்டினேன். அங்கே போய் உறுமனைப் பற்றி எப்படிச் சொல்வது?

இதை வாசிக்கிறவர்களுக்கு உறுமன் யாரென்று தெரியாது. உன் இரகசியத்தை உடைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தாய்மார் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனதும் நீ கோயில் படியில், சிக்னல் கிடைக்கும் அந்த ஒரே இடத்தில், போனோடு உட்கார்ந்துவிடுவாய். சுடுவதும் ஓடுவதும் இல்லாத விளையாட்டு அது. ஒரு கற்பனை ஊர், ஆளுக்கொரு வேஷம். தன் வேஷம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் பதில் எழுதுவார்கள். எல்லாரும் இளவரசி, மந்திரவாதி, பாட்டுக்காரன் என்று வைத்துக்கொள்ள, நீ வைத்துக்கொண்டது மனிதரையே பிடிக்காத ஒரு கிழவனை. அவன்தான் உறுமன்.

"யாரோடயும் சேராத ஆள வச்சு என்னக்கா வெளாடுவ?" என்று கேட்டேன்.

"அதுலதான்டா விஷயமே இருக்கு," என்றாய். "சேராதவன கொண்டு போயி ஒரு மூலையில வச்சா, அவன் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். மத்தவங்களுக்கும் வெளாட்டு கெட்டுரும். அதான் ஊருக்கு இருக்குற ஒரே கெணத்த அவன் முத்தத்துல வச்சுட்டேன். இப்ப எல்லாரும் அவன்கிட்ட வந்துதானே ஆகணும்?"

வந்தார்கள். உறுமன் வாய்க்கு வந்தபடி திட்டினான். இளவரசியின் பாவாடை தன் முற்றத்தைக் கூட்டிவிட்டதாகச் சொல்லி, போய் மறுபக்கத்தையும் கூட்டச் சொன்னான். பாட்டுக்காரனிடம், "நீ பாடுனா கெணத்துத் தவள செத்துரும்" என்றான். "நாளைக்கு வந்துராத" என்றுதான் எல்லாரையும் அனுப்புவான். ஆனால் ஒருவரையும் வெறும் குடத்தோடு அனுப்பியதில்லை. அது நீ வைத்த சட்டம்.

நானும் ஒரு போர்வீரனாகச் சேர்ந்தேன். எல்லாருக்கும் திட்டிக்கொண்டே இறைத்துக் கொடுத்த கிழவன், எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. "ஒனக்குக் கை இல்லையா? கயித்தப் புடி, நீயே எறச்சுக்க" என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் காலை நீ கீழே ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் படியேறி வந்து, போர்வைக்குள் கிடந்த எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாய். சிரித்த முகமாகத்தான் கொடுத்தாய்.

காய்ச்சல் என்று டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போனவள் நீ. திரும்பி வந்தது உன் போனும் செருப்பும்தான். கருமாதி முடிந்த பிறகு போனைத் திறந்தேன். உறுமன் எங்கே, கிணறு ஏன் சும்மா கிடக்கிறது என்று அந்த ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. லயத்தில் நீ இல்லை, பிள்ளைக்காம்பராவில் இல்லை, அந்த ஊரிலாவது இருந்துவிட்டுப் போயேன் என்று நினைத்தேன். அது தப்பா அக்கா?

அதனால் நானே உறுமனாக எழுதினேன். பாட்டுக்காரன் ஓடி வந்து, "எங்கே போனீர் தாத்தா? கவலையாகிவிட்டது" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "விசாரித்ததற்கு நன்றி, உட்கார்" என்று உறுமனைச் சொல்ல வைத்துவிட்டேன்.

அடுத்த நிமிடம் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. பாட்டுக்காரனாக விளையாடுவது கினிகத்தேனையில் கடை வைத்திருக்கும் ரிஸ்வான் என்பவர். அண்ணன் என்பதை அவர் நானா என்பார். "நானா, ஒங்களுக்கு சொகமில்லயா? உறுமன் நன்றி சொல்லிட்டான். எனக்குப் பயமா ஈக்குது" என்று எழுதியிருந்தார்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அவர், "பொம்புளப் புள்ளயா? நான் இவ்வளவு நாளும் வயசான ஒரு நானாண்டுதான் நெனச்சேன்" என்று எழுதினார். இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு முறை உறுமன் திட்டிய பிறகும் அவருக்குத் தனியாக ஒரு வரி வருமாம்: 'அது உறுமன் பேசியது, நான் இல்லை. மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.' ஒரு நாளும் தவறியதில்லையாம்.

உன் போனில் தேடினேன். இளவரசிக்கு அனுப்பியிருக்கிறாய், மந்திரவாதிக்கு அனுப்பியிருக்கிறாய். என் பெயரில் தேடினேன். மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகத் தேடினேன். எனக்கு மட்டும் நீ அனுப்பவே இல்லை.

அப்படியானால் என்னிடம் பேசியது உறுமன் இல்லை, நீதான். கோயில் படியில் உட்கார்ந்து அழுதேன் அக்கா. ஏன் ஒரு தடவையாவது நேரில் கத்தவில்லை? கத்தியிருந்தால் எழுந்திருப்பேனா? உள்ளதைச் சொன்னால், போர்வையை இழுத்து மூடியிருப்பேன். அழுது முடித்த பிறகு சிரிப்பும் வந்தது. முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் சமாதானம், கூடப் பிறந்தவனுக்குக் கிடையாது. என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!

விஷயம் தெரிந்ததும், உறுமன் சாகக் கூடாது என்று விளையாடுகிற எல்லாரும் சொல்லிவிட்டார்கள். "நீங்களே வெளாடுங்க தம்பி. ஆனா அவர நல்லவராக்கிப் போடாதீங்க" என்றார் ரிஸ்வான். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. எழுதுவதெல்லாம் மரியாதையாகவே வருகிறது. போன வாரம்தான் ஒரு வழியாகப் பாட்டுக்காரனிடம், "ஒன் ஒப்பாரிய வாசல்ல கழட்டி வச்சுட்டு வா" என்றேன். ஊரே கை தட்டியது. பிறகு ரிஸ்வானுக்குத் தனியாக, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதினேன். "இப்பத்தான் சரி" என்றார்.

காலையில் பீலிக்கு இப்போது நான்தான் போகிறேன். முதல் நாள் அங்கே நின்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தப் படிகளில் இரண்டு குடம் எவ்வளவு கனம் என்று நீ சொன்னதே இல்லையே. அம்மாவுக்குத் தேத்தண்ணியும் நானே ஊற்றுகிறேன். சீனிதான் கூடிவிடுகிறதாம்.

அக்கா, உன் கிழவனைச் சாகவிட மாட்டேன், நல்லவனாகவும் ஆக்க மாட்டேன். யாரையும் திட்டாமல் விடமாட்டேன், வெறும் குடத்தோடும் அனுப்பமாட்டேன். என் போர்வீரனும் தினம் அந்த முற்றத்துக்கு வருவான். யாரும் சொல்வதற்கு முன்பே கயிற்றைப் பிடிப்பான். முதல் வாளியைக் கிழவனுக்கு ஊற்றிவிட்டுத்தான் தன் குடத்தை வைப்பான்.

நீ சமாதானம் சொல்லாத ஒரே ஆள்,
உன் தம்பி சசி