புல் வெட்டிய சந்தி

இன்று காலை சுங்கை பூலோவில் புதிய சாலைச் சந்தி ஒன்றைப் பார்வையிடப் போனேன். காரை விட்டு இறங்கியதும் பச்சைப் புல் வெட்டிய வாசம். உன் நினைப்புதான்.

பெரிய ஆள் வருகிறார் என்றால் முதல் நாளே மிஷினைக் கொண்டுவந்து ஓரத்துப் புல்லை மொட்டையடிப்பது நம் குத்தகைக்காரர்களின் வழக்கம். மரியாதையாம்! பல வருஷத்துக்கு முன் கிள்ளானில் நாம் பார்த்த சந்தியிலும் அப்படித்தான் செய்திருந்தார்கள். சந்தியில் நின்று வலப்பக்கம் பார்த்தேன். வரும் வண்டிகள் வெகுதூரத்திலேயே தெரிந்தன. பார்வைத் தூரம் போதும் என்று கையெழுத்துப் போட்டேன். அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே நீ, "புல்லு வளந்ததும் ஒருவாட்டி பாத்துட்டுப் போடு லா," என்றாய். பிரிக்பீல்ட்ஸில் ஒரே அறையில் தங்கியவர்கள்தான் நாம். ஆனாலும் நான் இன்ஜினியர், நீ அளவெடுப்பவன். கேட்பேனா?

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், "ஏறு, நீயே ஓட்டு," என்று உன் கார்ச் சாவியை என் கையில் திணித்தாய். அதே சந்தி. கோட்டருகே நிறுத்தினேன். வலப்பக்க மேட்டில் லாலாங் புல் ஆளுயரத்துக்கு நின்றது, வேறொன்றும் தெரியவில்லை. "போ," என்றாய். வண்டியை மெல்ல நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம்.

"பிரேக்! பிரேக்குடா!"

ஹாரன் அலற ஒரு லோரி எங்கள் முன்னால் பறந்தது. கார் ஆடிப்போனது.

"அடப்பாவி, சாகடிக்கப் பாத்தியா?" என்று கத்தினேன்.

"நானுந்தானே உள்ள உக்காந்திருக்கேன்." என்றாய் நீ. "இங்க தினமும் ஸ்கூல் பஸ் திரும்புது. போய் கையெழுத்த வாபஸ் வாங்கு."

வாங்கினேன். மேலதிகாரி எல்லார் முன்னிலையிலும் கேட்ட கேள்வியில் என் மானம் போயிற்று. அந்த மேட்டைத் தாழ்த்தி, புல் முளைக்காமல் சிமெண்டு போட்டார்கள். அன்றோடு உன்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். சரியாகச் செய்தவன் மேல் அத்தனை கோபம் எனக்கு! நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனேன். அதுதான் உன்னைக் கடைசியாக உயிரோடு பார்த்தது.

இன்று குத்தகைக்காரர் பேனாவை நீட்டி, "எல்லாம் கிளியரா தெரியுது பாஸ், சைன் பண்ணிடுங்க. நாளைக்கு ரோடு தொறக்கணும்," என்றார். முடியாது, முதலில் வலப்பக்க மேட்டைத் தாழ்த்திச் சிமெண்டு போடுங்கள் என்றேன். அவர் முகம் சிவந்தது. "யாரு பாஸ் இப்படிலாம் பாக்குறா?"

உன் பெயரைச் சொன்னேன். யாரவர் என்று கேட்டார். கூட வேலை செய்தவர் என்றேன். என் நண்பன் என்று சொல்ல வாய் வரவில்லையடா.