பிஸ்கட் டப்பாவில் கிடக்கும் கார்டுங்க

அன்பான டாக்டரண்ணே,

ஊரை விட்டுப் போன இடத்துலயாவது உப்பு கம்மியா சாப்பிடறீங்களா? சர்க்கரைக்காரங்களை எல்லாம் மிரட்டிட்டு, திரைக்குப் பின்னாடி நின்னு காராசேவு மென்ன ஆளாச்சே நீங்க. சத்தம் வெளியே உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்கும். நான் வெளக்குமாத்தால தரையைத் தட்டி, "எலிங்க, எலி!"ன்னு சமாளிப்பேன். உள்ளே மெல்றது நின்னுடும்.

உங்க ஆஸ்பத்திரிக்குப் புது முதலாளி இப்ப கண்ணாடிக் கதவு போட்டிருக்காரு. நான் கூப்பிட்டுக்கினு இருந்த டோக்கனைக் கூப்பிட மெஷின் வந்துடுச்சு, அதுக்கு என்னாட்டம் கிண்டல் பண்ணத் தெரியாது. என்னைக் கூட்டிப் பெருக்க மட்டும் வச்சிருக்காங்க. கவுண்டர்ல "காப்பீட்டு அட்டை ஏற்கப்படாது"ன்னு ஒட்டியிருக்கு. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். படிச்சு முடிச்சும் நம்பல.

நம்ம பிஸ்கட் டப்பா ஞாபகம் இருக்கா? மலையிலேர்ந்து வர்றவங்க, வூடு ஒழுகுது, நனைஞ்சுடும்னு கவர்மெண்ட் காப்பீட்டு கார்டை நம்மகிட்டயே விட்டுட்டுப் போவாங்க. "தங்கச்சி, பத்திரம்"னு சொல்வீங்க. முகத்தைப் பாத்தே யார் கார்டுன்னு எடுத்து நீட்டுவேன். என் கார்டும் அதுலதான் கெடக்கு.

போன வாரம் வெள்ளிமலைப் பக்கத்துலேர்ந்து சின்னப்பொண்ணு வந்தா. சர்க்கரைப் புண்ணு. கால் கட்டைவிரல் கறுத்துப் போயிருந்துச்சு.

"இன்னாக்கா, என் கார்டு ஒன்னாண்டதான கீது? எடு."

எடுத்துக் குடுத்தேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு, "கார்டெல்லாம் எடுக்கறதில்லம்மா, பணம் கட்டணும்"னு திருப்பிக் குடுத்துடுச்சு.

"செல்லாதுன்னு தெரிஞ்சேதான் வாங்கி வச்சுக்கினியா? கையில இருந்திருந்தா வேற எங்கயாச்சும் எப்பவோ போயிருப்பனேக்கா!"

 அவளை பெஞ்சுல உக்கார வச்சேன்.

புது முதலாளியாண்ட சண்டைக்குப் போனேன். "டாக்டர் இருந்தா இப்படி நடக்குமா?"ன்னு கத்தினேன். அந்தாளு பொறுமையாத்தான் சொன்னாரு. "அவருதாம்மா தை மாசமே வித்துக் கையெழுத்துப் போட்டாரு. கார்டு எடுக்க மாட்டோம்னு அப்பவே அவருக்குத் தெரியும்."

தை மாசமா? மாசியில சின்னப்பொண்ணு கார்டை வாங்கி என் கையில குடுத்தது யாரு? "புண்ணு பெருசானா வந்துடு, நாங்க இருக்கோம்"னு அவகிட்ட சொன்னது யாரு?

வித்தது உங்க இஷ்டம். உடம்பு முடியல, பிள்ளைங்க வெளியூர்ல. ஆனா அந்த "நாங்க"வுல என்னை ஏன்ண்ணே சேத்தீங்க?

"ஒளிக்காம சொன்னாத்தான் வைத்தியம் பாப்பேன்"னு ஊரையே திட்டுவீங்க. என் வயித்துவலியிலேர்ந்து என் வூட்டுக்காரர் குடிச்சுட்டு விழுந்தது வரைக்கும் உங்ககிட்ட எதை ஒளிச்சேன் நான்?

சின்னப்பொண்ணை நானே ஆட்டோவுல ஏத்தி, கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். கால் தப்பிச்சது. விரல் போயிடுச்சு. "வுடுடி, கல்லு இடிக்க இனிமே ஒரு விரல் கம்மி"ன்னேன். சிரிச்சா. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கினு அழுதா. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் எனக்குத் தாங்கல.

வர்ற ஞாயித்துக்கிழமை டப்பாவைத் தூக்கிக்கினு மலைக்கு பஸ் ஏறப்போறேன். வூடு வூடாப் போய் கார்டைக் குடுத்துட்டுத்தான் எறங்குவேன். "டாக்டர் ஏன் நம்மகிட்ட சொல்லல?"ன்னு கேப்பாங்க. இத்தனை வருசமா உங்களுக்காக எலி மேல பழி போட்டேன். இந்தத் தடவை போட மாட்டேண்ணே. சத்தியம்.

இப்படிக்கு,
கோவத்துலயும் அண்ணன்னுதான் வாயில வருதேன்னு நொந்துக்கற
உங்க தங்கச்சி பச்சையம்மா