நாற்பது சம பங்கான பன்றியும் சியெனி டீச்சரின் இடமாற்றமும்

அனுப்புநர்:
பூலூ தாவிதா,
ஊர்ச்சபைப் பேச்சாளர்,
வைசீனா கிராமம், உபோலு, சமோவா.

பெறுநர்:
உயர்திரு மேலதிகாரி அவர்கள்,
தொழிற்கல்லூரிகள் பிரிவு, ஆப்பியா.

பொருள்: விரிவுரையாளர் சியெனியின் இடமாற்றத்தையும், கணக்கைப் பிற பாடங்களோடு சேர்த்து நடத்தும் பயிற்சியின் நிறுத்தத்தையும் ரத்து செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுபவர் எங்கள் ஊர்க் கல்லூரியின் சமையல் விரிவுரையாளர் பெனினா. சென்ற மாதம் தங்களுக்கு வந்த புகாரில் முதல் கைரேகை என்னுடையது. அதைத் திரும்பப் பெறவே இந்த மனு.

1. சமையல், தச்சு, விவசாயம் நடத்தும் ஆறு விரிவுரையாளர்களுக்கு, அவரவர் பாடத்தோடு கணக்கையும் சேர்த்து நடத்த சியெனி பயிற்சி கொடுத்து வந்தார். பின்னம் விளக்க, ஊர் விருந்துக்குச் சுட்ட பன்றியையே எடுத்துக்கொண்டார். பெனினா அடுப்புக் கல்லைப் பிரிக்கப் போன நேரத்தில், ஊர்ப் பங்கு முறை தெரியாத சியெனி, தராசு வைத்து நாற்பது சம துண்டாகப் போட்டுவிட்டார். நாற்பது பேர், ஆளுக்கொன்று.

2. ஐயா, எங்கள் ஊர் வழக்கத்தில் இடுப்புக்கறி தலைவருக்கு, கால் பேச்சாளருக்கு, தலை அடுப்பு பார்ப்பவர்களுக்கு. ஐம்பத்திரண்டு வருடமாக வெட்டி, பெயர் கூவிக் கொடுப்பவன் நான். அன்று தலைவரின் இலையில் ஒரு காதும் கொஞ்சம் கொழுப்பும் இருந்தன. “ஏம்மா, தலைவருக்குக் காதா? நாங்க பேசுறது அவருக்குக் கேக்கலன்னு யாரு உங்கிட்ட சொன்னது?” என்று சபை நடுவில் கத்தினேன். சிரித்தவர்களும் உண்டு. சியெனி அழுதுகொண்டே தராசைத் தூக்கிப் போனார். அன்று மாலையே புகாரில் விரல் வைத்தேன்.

3. மூன்றாம் நாள் சியெனி பெனினாவோடு வந்து, என் வீட்டுப் பாயில் சம்மணமிட்டு மன்னிப்புக் கேட்டார். அத்தோடு எழுந்து போயிருக்கலாம். “பெரியவரே, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பன்றி சின்னதாப் போச்சுன்னா யாரு பங்கு முதல்ல குறையும்?” என்றார். இத்தனை வருடத்தில் இதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. தேவாலயம் திறந்த நாளின் பதினொரு பன்றி தொடங்கி ஒவ்வொரு விருந்தாகச் சொன்னேன். அவர் ஒவ்வொருவர் பங்குக்கும் கூழாங்கல் அடுக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் அடுப்புக்காரர்களின் குவியல்தான் மிகச் சிறியது. தலை மரியாதைதான், ஆனால் முக்கால்வாசி எலும்பு. அந்தக் குவியலை மட்டும் அவர் என் பக்கம் தள்ளி வைத்தார். என் தம்பி இயோவானே நாற்பது வருடமாக அடுப்பு பார்க்கிறவன்.

4. அடுத்த விருந்தில் அடுப்புக்காரர்களுக்குத் தலையோடு தோள்கறியில் ஒரு துண்டும் சேர்த்துக் கூவினேன். தலைவர், “போகட்டும், தலை தனியாப் போனா அதுக்கும் பயமா இருக்கும்” என்றார். இயோவானே, “கண்ணு தெரியலயாண்ணே, எனக்குப் போயி கறிய வெட்டிட்ட?” என்றான். பெனினா இப்போது அந்தப் பன்றியின் படத்தை வைத்தே பின்னம் நடத்துகிறார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து தப்புப் பிடிக்கிறேன்.

5. இந்நிலையில் வெள்ளிக்கிழமைக்குள் சியெனி சவாயி தீவுக்குப் போக வேண்டும், பயிற்சியும் நிற்கும் என்று உத்தரவு வந்துள்ளது. மற்ற ஐந்து பேருக்குப் பயிற்சி பாதியில் நிற்கிறது. அவர் வெட்டியது தப்பு. நான் அவசரப்பட்டு விரல் வைத்தது அதைவிடப் பெரிய தப்பு. இதை எழுதும்போது பெனினா அழுகிறார். அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மாத விருந்தில் சியெனிக்கும் ஒரு பங்கு என்று சபை முடிவு செய்துவிட்டது. எந்தப் பாகம் என்று கேட்டால், காது போதும் என்கிறார். ஊரில் இல்லாதவருக்குப் பங்கு கூவும் வழக்கம் எங்களிடம் இல்லை. இதைத் தாங்கள் மனதில் வைத்து, உத்தரவை ரத்து செய்யுமாறு வேண்டுகிறேன்.

இடம்: வைசீனா
நாள்: ஆகஸ்ட் 12

இப்படிக்கு,
புகாரில் வைத்த அதே விரல்,
(பூலூ தாவிதா, இடது பெருவிரல் ரேகை)