இரண்டு வாசல் கூடாரம்

அக். 4, சனி

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் என்று ஐந்து நாளாகச் சொல்கிறார்கள். சொல்வதோடு சரி.

பதினொரு மணிக்குக் கூரியர். கூடாரம் வந்துவிட்டது. தலையணை அளவு பை. இதற்குள் இரண்டு பேர் படுக்கிற வீடு இருக்கிறதாம். கம்புகளை வெளியே எடுத்து உதறினேன். உள்ளே ரப்பர் கயிறு ஓடுகிறது போல. ஒவ்வொரு துண்டும் தானாகப் போய் அடுத்ததில் சொருகிக்கொண்டது. வாயைப் பிளந்து நின்றேன். மடித்து மறுபடி உதறினேன். நான்கு தடவை. பொன்மலை ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் இருபத்தாறு வருஷம் சாமான் சரிபார்த்தவள், ஒரு கம்புக்கு இப்படி.

இவர் போனில் தம்பியிடம்: “ரெண்டு ஓரகத்தியும் ஒரே சமையக்கட்டுல நின்னதில்லடா. இப்ப ஒரே கூடாரத்துல படுக்கப் போறாங்களாம்.” சிரிப்பு வேறு. தம்பி முரளியும் செல்வியும் இதே வீட்டு மாடியில்தான். போன் எதற்கு, கூப்பிட்டாலே கேட்கும்.

எதற்காக இதெல்லாம் என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன். போன வருஷம் செல்வி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோது சொன்னாள். “சரியாயிட்டா, இந்தக் காவேரியோடவே நடந்து கடல் வரைக்கும் போகணும். நீங்களும் வரணுங்கக்கா.” ஆகட்டும் என்றேன். அந்த நிலைமையில் யார்தான் மாட்டேன் என்பார்கள். மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். தை பிறந்ததும் கிளம்புகிறோம் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

வழியெல்லாம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தங்க மாட்டாளாம். “யார் வீட்லயும் போய் மாத்துத்துணி மாத்த மாட்டேன்.” இடப்பக்க மார்பை எடுத்ததிலிருந்து முரளி எதிரில்கூட ரவிக்கை மாற்றியதில்லை. அவளே சொன்னது. அதனால் கூடாரம்.

வேண்டியது:
– மணல், புல், பள்ளிக்கூடத் தாழ்வாரம், கோயில் கல்தரை, எங்கும் நிற்க வேண்டும். முளை அடிக்க முடியாத இடம்தான் அதிகம் இருக்கும்.
– இரண்டு ஆள், இரண்டு பை. (நான் ஒன்றரை ஆள்.)
– மழை தாங்க வேண்டும்.
– செ. தூக்கக்கூடிய எடை. வலது தோள் மட்டும்.
– கிழியக் கூடாது.

அக். 5, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. துவைக்கத் தோதான நாள். காலையிலேயே கூடாரத்தைத் துவைத்துப் போட்டேன். சுடுதண்ணீர், சோப்புத்தூள், கிருமிநாசினி இரண்டு மூடி. தையல் ஓரங்களில் பிரஷ். எத்தனை கை பட்டு வந்த சாமானோ. மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்தது.

சாயங்காலம் மொட்டை மாடியில் நிறுத்தினோம். பத்தே நிமிஷம். ஒரு முளை கூட அடிக்கவில்லை, தானாக நிற்கிறது. செ. சுற்றிச் சுற்றி வந்தாள். இரண்டு பேரும் உள்ளே படுத்தோம், அவள் உள்பக்கம், நான் வாசல் பக்கம். ஜிப்பை இழுத்து மூடினேன்.

“அக்கா, தொறங்க.”

விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

“அக்கா. தொறங்கக்கா.”

என் வயிற்றில் முழங்காலை ஊன்றி, என்னைத் தாண்டி வெளியே போய் விழுந்தாள். உடம்பு முழுக்க வியர்வை. தண்ணீர் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்த ஸ்கேன் மெஷினுக்குள்ள படுத்த மாதிரியே இருந்துச்சுக்கா. என்னால முடியாது போலருக்கு.”

தை மாதம் போகிறது கடலுக்கு. இரவு ரசத்தில் உப்பு இல்லை என்று இவர் சொன்னதற்குக் கத்தினேன்.

அக். 7, செவ்வாய்

பிற்பகல் நாலு மணிக்கு மழை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் வராததுமாக மாடிக்கு ஓடி, பிரிக்காமல் விட்டிருந்த கூடாரத்துக்குள் உட்கார்ந்தேன். அவள் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், கூடாரம் தாங்குகிறதா பார்ப்போம் என்று.

ஒழுகவில்லை. கொட்டியது. தையல் இருக்கிற இடத்திலெல்லாம் வரிசையாக. தரையில் பாய் விரித்ததுபோல் தண்ணீர்.

தார்ப்பாய் டெண்டருக்கு நான் கையெழுத்துப் போடுகிறவள். யானைக்கும் அடி சறுக்கும். யானை இப்படி நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்காது.

அக். 8, புதன்

லீவு. பாலக்கரை தார்ப்பாய்க் கடை பாய். லாரிக்கும் வாழைத்தார் லோடுக்கும் தைத்துக் கொடுப்பவர். கூடாரத்தைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன்.

“வாங்கம்மா, ஒக்காருங்க. டீ சொல்லட்டுமா?”

துணியை உள்பக்கம் திருப்பினார். தையல் ஓரத்தில் கட்டை விரல் நகத்தை ஓட்டினார். செதில் செதிலாக ஏதோ உரிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“தொவைச்சீங்களா?”

“ஆமா.”

“சோப்பு போட்டா?”

“சுடுதண்ணிலதான்.”

சிரிக்கவில்லை, அந்த மரியாதை இருந்தது. “உள்ள ஒரு பூச்சு இருந்துச்சும்மா. தையலுக்கு மேல டேப் ஒட்டியிருந்தாங்க. அதுதான் இதுக்குக் குடை. ரெண்டையும் நீங்க கழுவி விட்டுட்டீங்க.”

அங்கேயே புரிந்தது. கீமோ கொடுத்த ஆறு மாதமும் மாடிக்குப் போன எல்லாவற்றையும் நான்தான் அலசினேன். போர்வை, கொத்தமல்லி, சில்லறைக் காசு, செருப்புகூட. அவளுக்கு ஒரு கிருமி ஒட்டக் கூடாது என்று. கீமோ முடிந்து பத்து மாதம் ஆகிறது. கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

பாய் சொன்னது (மறக்காமல் இருக்க):
– துணி ஒழுகாது, தையல்தான் ஒழுகும். நகத்தால் தடவிப் பார்.
– நாலு மூலையிலும் தையல் இரட்டையாக இருக்கணும். இழுக்கிற இடம்தான் கிழியும்.
– அடித்துணி மேல்துணியைவிடக் கெட்டியாக.
– “ஒரே வாசல் வெச்சதுல ரெண்டு பேர் படுத்தா, ஒருத்தர் இன்னொருத்தரை மிதிச்சுத்தாம்மா வெளிய வரணும். வாசல் ரெண்டு பக்கமும் இருக்கணும். உள்கூடு வலையா, மேல்துணி தனியா. வேணும்னா மாட்டலாம், வேணாம்னா கழட்டலாம்.”

வயிற்றில் முழங்கால் பட்ட இடம் ஞாபகம் வந்தது.

பிறகு ஒன்று சொன்னார். நல்ல துணி என்றால் அதன்மேல் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கீழே இறங்காதாம். அப்படி நிறுத்தித்தான் சோதிப்பார்களாம். பட்டுப் புடவையை விட மெல்லிசு. அதற்கு மேல் இரண்டு ஆள் தண்ணீர். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதுதான். காவேரிப் பாலத்தில் பஸ் நின்றபோது கரை தொட்டு ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, இதைத் தாங்குமா, இதைத் தாங்குமா என்று.

அக். 12, ஞாயிறு

தீபாவளிக் கூட்டம், ஆட்டோ கிடைக்கவில்லை. தில்லைநகரில் விளையாட்டுச் சாமான் கடை. செ.யைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். “பாக்க மட்டும்தாங்கக்கா. உள்ள போகச் சொல்லக் கூடாது.”

மூன்று நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒன்று இரண்டு வாசல். உள்கூடு முழுக்கக் கொசுவலை. நான் பாட்டுக்கு நகத்தை எடுத்துக்கொண்டு தையல் தையலாகப் போனேன். மூலை இரட்டைத் தையல், ஆயிற்று. அடித்துணி கெட்டி, ஆயிற்று. கடைக்காரர் “மேடம், நீங்க டெய்லரா?” என்றார்.

திரும்பினால் செ. இல்லை. கூடாரத்துக்குள் மல்லாந்து படுத்திருக்கிறாள். வலை வழியாகக் கடை டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டு. இடப்பக்க வாசலைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். அப்புறம் வலப்பக்கம். பத்து நிமிஷம் அப்படியே. கூட்டம் அவளைச் சுற்றிப் போய் வந்தது. எனக்கு மூச்சு விடவே பயம்.

“இதுல உங்களை மிதிக்காம போயிடலாம்க்கா.”

மேல்துணியும் மாட்டிக் காட்டட்டுமா என்றார் கடைக்காரர். செ. எழுந்துவிட்டாள். “இன்னைக்கு வேணாங்க.”

வாங்கியாயிற்று. இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மேல்துணி மாட்டாமல் மழையில் படுக்க முடியாது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வரும்போது இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. பெரிய கடைத்தெருவில் ஜாக்கெட் பிட் பார்த்தோம்.

பழைய கூடாரம் இவர் ஸ்கூட்டருக்கு உறை ஆகிவிட்டது.

அக். 20, திங்கள், தீபாவளி

விடிவதற்குள் எண்ணெய்க் குளியல். தூறல். எதிர் வீட்டில் நமத்த வெடி.

புதுத்துணிகளுக்கு மஞ்சள் வைத்துத் தாம்பாளத்தில் அடுக்கினேன். செ. கீழே இறங்கி வந்து கூடாரப் பையை அவற்றின் மேல் வைத்தாள். “இதுவும் புதுத்துணிதானேக்கா.” பையைத் திறந்து, மேல்துணியின் ஒரு மூலையில் அவளே ஒரு சொட்டு மஞ்சள் தொட்டு வைத்தாள்.

அப்போதுதான் துவைத்த கதையைச் சொன்னேன். பன்னிரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“எனக்காகத் தொவைச்சுத் தொவைச்சே உங்க கை இப்படி ஆயிடுச்சு.” அப்புறம், “இதைத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்.”

இவர்: லட்டு மூன்று. சுகர் மாத்திரை போட்டாரா, கேட்க வேண்டும்.

அக். 22, புதன்

காலையிலிருந்தே இருட்டு. மழைக்காக ஆபீஸ் பாதி நாள். மூன்று மணிக்குப் பிடித்தது பாருங்கள் ஒரு மழை. எங்கள் ஊர்க் கோயில் கோபுரமே தெரியவில்லை. அவ்வளவு பெரிய கோபுரத்தைத் துடைத்துவிட்டது.

செ. மாடிப்படியில் நிற்கிறாள், கையில் கூடாரப் பை. “இப்ப போடலைன்னா எப்பங்கக்கா?”

கொட்டுகிற மழையில் நிறுத்தினோம். கம்பை உதறியதும் சடசடவென்று சொருகிக்கொண்டது, எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை. மேல்துணியை ஆளுக்கொரு பக்கம் இழுத்து மாட்டினோம். வலப்பக்க வாசல் வழியாக நான், இடப்பக்கம் அவள். இரண்டு பேரும் தொப்பலாக. மாற்றுத்துணியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருக்கிறாள், எனக்கும் சேர்த்து.

வாசல்கள் திறந்தே இருந்தன. சாரல். நான் ஜிப்பைத் தொடவில்லை. இந்த ஜென்மத்தில் இனி தொட மாட்டேன்.

பக்கத்து மாடியில் யாரோ துணி எடுக்க வந்தார்கள். செ. பார்த்தாள். தன் பக்கத்து ஜிப்பைத் தானே இழுத்தாள், கடைசிவரை. அப்புறம் கை நீட்டி என் பக்கமும்.

மூடியாயிற்று. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி இருந்தாள். ஒன்று, இரண்டு என்று உதடு எண்ணியது. இருபதுக்கு மேல் எண்ணவில்லை. கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள்.

மேலே ஊர் மழை முழுக்க விழுகிறது. துணி அடி வாங்கிக்கொண்டு அதிர்கிறது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. தையல் தையலாகப் பார்த்தேன். எதிலும் இல்லை. பட்டை விட மெல்லிசான ஒன்று எங்கள் இரண்டு பேருக்கும் மழைக்கும் நடுவில் நிற்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மஞ்சள் சொட்டு மட்டும் அவள் தலைமாட்டில் தெரிந்தது, வெளியிலிருந்து வெளிச்சம் பட்டு.

செ. ஈர ரவிக்கையின் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்தாள். நான் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பப் போனேன்.

“திரும்ப வேணாங்கக்கா.”

திரும்பவில்லை. பார்த்தேன். இடப்பக்கம் அக்குள் வரை ஒரே கோடு. இவ்வளவு நாள் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு எங்களோடு சிரித்திருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள். ஆறு மாதம் கூடவே இருந்து எல்லாவற்றையும் கழுவியவள் நான். இதைப் பார்த்ததே இல்லை.

துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டாள். “ஊர்ல இருக்கற தையலெல்லாம் நகத்தால தடவிப் பாத்தீங்களே. இது எப்படிங்கக்கா? நல்லாத் தெச்சிருக்காங்களா?”

அக்குளிலிருந்து அந்தக் கோட்டோடு கண்ணை ஓட்டினேன்.

“ஒழுகாது” என்றேன்.

நாளைக்கு: கூடாரத்தை நிழலில் காயப்போடணும். துவைக்கக் கூடாது.