கல்யாணத்துக்கு முன் வந்த சீர்

வத்தேகம
10.05.1998

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அம்மாவும் அப்பாவும் சுகம். அத்தையின் முழங்கால் வலி இப்போது எப்படி? மனோகரன் மச்சானையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் கடை ஃபோனில் பேசினால் நாலு பேர் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகப் படிப்பை நான் இரண்டாம் வருடத்தில் உடம்புக்கு முடியாமல் விட்டது உங்களுக்குத் தெரியும். மறுபடி சேர்க்க முடியுமா என்று அப்பா போய்க் கேட்டார். போன இடம் போனதுதான், இலவசமாக வேறு படிப்பும் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். வந்து அதைச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தார். நானும் குடித்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி எனக்கு இடம் தந்திருக்கிறது. தொழில்வழிச் சிகிச்சை என்று நாலரை வருடப் பட்டப்படிப்பு. நோயில் விழுந்தவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடுவதிலிருந்து சமைப்பது வரை மறுபடி பழக்கி, வேலைக்குப் போகும் அளவுக்கு ஆக்கிவிடுவதுதான் அந்த வேலை. அப்பாவின் நகரசபைக் கிளாக்கர் சம்பளம் பிளேன் டிக்கெட்டோடு முடிந்துவிடும். கட்டணத்தை நீங்கள் கடனாகத் தந்தால், வேலைக்குப் போனதும் திருப்பிவிடுவேன். ஜூலை முடிவதற்குள் கட்ட வேண்டும். இதுவும் போனால் வேறு இடமில்லை மாமா.

உங்கள் மருமகள்,
பாலாம்பிகை


கம்பளை
16.05.1998

அன்பு மகள் பாலாவுக்கு,

முருகன் துணையால் இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அத்தையின் முழங்காலைத் தவிர. அது மழைக்கு ஒரு பாட்டு, வெயிலுக்கு ஒரு பாட்டு பாடிக்கொண்டிருக்கிறது.

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னடி கடன்? நீ பெரியவளானபோது உன் அம்மா கமலத்தின் வீட்டு வாசலில் இந்தச் செல்லப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்ன சொன்னேன்? "இது எங்க வீட்டுப் புள்ள"ன்னு சொன்னேனா இல்லையா? வீட்டுப் பிள்ளைக்கு எவனாவது கடன் கொடுப்பானா? இந்த வார்த்தையை இன்னொரு தரம் எழுதினால் காதைத் திருகிவிடுவேன்.

நாலரை வருடமும் என் பொறுப்பு. ஈரோட்டுக்குச் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் வந்து பார்ப்பேன், கார்டியனாக என் பெயரையே போடு. மனோகரனிடம் சொன்னேன். "படிக்கட்டும்ப்பா, நான் காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெட்கத்தில் கடைக்குள் ஓடிவிட்டான். உன் அத்தைக்குத் தன் முழங்காலை வீட்டிலேயே பார்க்க ஆள் வருகிறதென்று சந்தோஷம்.

உடம்பைப் பார்த்துக்கொள். மஞ்சள் காமாலை வந்த உடம்பு, எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. கீழாநெல்லி இன்னும் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். முகத்தைச் சுளிக்காமல் குடி.

அன்புடன் மாமா,
செல்லப்பா


வத்தேகம
21.05.1998

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதமும் கீழாநெல்லியும் கிடைத்தன.

எனக்கு மஞ்சள் காமாலை வரவில்லை மாமா. வந்தது மனநோய். அம்மாதான் உங்களிடம் மாற்றிச் சொன்னாள். நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது.

ஹொஸ்டலில் ஒருநாள் எழும்ப முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. வகுப்புக்குப் போகவில்லை. பிறகு குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. யாராவது பேசினால் கேட்கும், பதில் சொல்லத்தான் எதுவும் இருக்காது. என் அறையில் இருந்த உம்மு குல்சும்தான் முதலில் பயந்தாள். கொஞ்ச நாள் சோறு ஊட்டிப் பார்த்தாள். பிறகு டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டு அம்மாவுக்குச் சொல்லியனுப்பினாள். மூன்று மாதம் மனநோய் வார்டில் இருந்தேன். தலைக்குக் கரண்ட் வைத்தார்கள். அது நீங்கள் நினைக்கிற மாதிரிப் பயங்கரமில்லை. இப்போதும் இரவில் ஒரு மாத்திரை உண்டு. இன்னும் சில வருடம் போட வேண்டும் என்கிறார் டொக்டர்.

அந்த வார்டில் ஒரு மிஸ் இருந்தார். தினமும் என் கையில் ஒரு துணியைத் தந்து கோப்பை துடைக்கச் சொல்வார். துடைக்காவிட்டாலும் திட்ட மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து தான் துடைப்பார். ஒருநாள் நானும் துடைத்தேன். அவர் படித்த படிப்புத்தான் நான் கேட்பது.

வீட்டுக்கு வந்த பிறகு, நீங்கள் மஞ்சள் காமாலைக்கென்று அனுப்பிய கீழாநெல்லியை அம்மா தினமும் அரைத்துத் தந்தாள். நீங்கள் திடீரென்று வந்து கேட்டால் குடித்தேன் என்று சொல்ல வேண்டுமாம். அதையும் குடித்தேன், மாத்திரையையும் போட்டேன். ஒருமுறை எனக்குச் சிரிப்பு வந்தது. நோய் வந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

நீங்கள் என்னை உங்கள் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துத் தருகிறீர்கள். இதைச் சொல்லாமல் வாங்க எனக்கு மனம் வரவில்லை. இனி நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்.

பாலாம்பிகை


கம்பளை
28.06.1998

அன்புள்ள பாலாம்பிகைக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. கடையில் வேலை என்று எழுத நினைத்தேன். கடையில் வேலை இல்லை.

இந்தக் கடிதம் கொண்டுவரும் நம் கடைக் கணக்கப்பிள்ளை ஒரு பார்சல் தருவார். அட்டியலும் ஆறு வளையலும் ஒரு பட்டுச் சேலையும் இருக்கின்றன. தாய்மாமன் சீர். தட்டெடுத்துக்கொண்டு நானே வந்திருக்க வேண்டும், வர முடியவில்லை. நகையை விற்றால் நாலரை வருடக் கட்டணத்துக்கும் போதும். வத்தேகமவில் விற்காதே, கண்டிக்குக் கொண்டு போகச் சொல்.

நம் குடும்பத்தில் மகனுக்கு எடுக்கிற பெண்ணுக்கு மாமன் சீர் வைக்கிற வழக்கமில்லை. வெளியில் கட்டிக் கொடுக்கிற பெண்ணுக்குத்தான் வைப்போம். இதற்கு மேல் நான் என்ன எழுத?

உன் அத்தை அழுதாள். "அவ தங்கமான புள்ளதாங்க. நாளைக்குப் பொறக்கிற புள்ளைங்களுக்கும் வந்தா யாரு பாக்குறது?" என்றாள். மனோகரன் சரக்குக் கட்டுகளைப் பிரிக்கப் போய்விட்டான்.

நீ இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் பாலா. ஊரில் கேட்டால், படிப்புக்காக நீதான் சம்பந்தத்தை வேண்டாம் என்றாய் என்று சொல்லிக்கொள்வோம். உனக்கும் அதுதான் கௌரவம்.

மாமா


வத்தேகம
03.07.1998

அன்புள்ள மாமாவுக்கு,

பார்சல் வந்தது. அம்மா சேலையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னிடம், "ஏன்டி எழுதுனே?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. மச்சானைக் கட்ட எனக்கு ஆசை இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்தது என்றுதான் நினைக்கிறேன். இப்போது எதுவும் எனக்குத் தூரத்தில் ரேடியோ பாடுகிற மாதிரித்தான் கேட்கிறது. உங்கள் மேல் கோபமில்லை, அத்தை மேலும் இல்லை. அத்தை கேட்டதை நானும் டொக்டரிடம் கேட்டிருக்கிறேன்.

சீரை எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் படிப்பு வேண்டும், அதனால் ரோசம் பார்க்கவில்லை.

ஆனால் நான் வேண்டாமென்றேன் என்று சொல்ல மாட்டேன் மாமா. காமாலை என்று சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது. கேட்டவர்களிடம் எனக்கு என்ன நோய் என்றும், அதனால் சம்பந்தம் நின்றது என்றும் சொல்வேன். யாரையும் குறை சொல்ல மாட்டேன். அது உங்களுக்குச் சரிப்படாவிட்டால் கணக்கப்பிள்ளையை அனுப்புங்கள். நகை அலுமாரியில்தான் இருக்கிறது. இருபதாம் திகதி வரை விற்காமல் வைத்திருப்பேன். அதற்கு மேல் கட்டணம் கட்ட நேரமிருக்காது.

பாலாம்பிகை


கம்பளை
19.07.1998

பாலாவுக்கு,

யாரும் வர மாட்டார்கள். நகையை விற்றுக் கட்டிவிடு. நீ சொல்ல நினைப்பதைச் சொல்லிக்கொள். மனோகரனுக்குப் பார்த்திருக்கும் பெண் வீட்டாரிடம் நாங்கள் வேறு மாதிரிச் சொல்லிவிட்டோம், அதை இனி மாற்ற முடியாது. கார்டியன் இடத்தில் உன் அப்பாவின் பெயரைப் போட்டுக்கொள்.

மனோகரனுக்கு ஆவணியில் கல்யாணம். பெண் ஹட்டன் பக்கம். உன் பிளேன் ஓகஸ்ட் இருபத்தாறு என்று கமலம் சொல்லியிருந்தாள். கல்யாணத்தை முப்பதாம் திகதி வைத்திருக்கிறோம். அதற்கு முன்னும் நல்ல நாட்கள் இருந்தன. நீ ஊரில் இருக்கும்போது உன்னைக் கூப்பிடாமல் இந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடத்த எனக்கு முடியாது. கூப்பிடவும் முடியாது. அதனால் நீ போன பிறகு வருகிற நாளாகக் கேட்டு வாங்கினேன்.

ஜோசியர் குறித்த நாள் என்றுதான் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

மாத்திரையை விட்டுவிடாதே. போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு ஒரு கடிதம் போடு. அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

செல்லப்பா